கை முறிந்ததா? இடுப்பைக் கவனியுங்கள்!

சத்தம் இல்லாமல் எலும்பை அரிக்கும் நோய்

55 வயதுப் பெண் ஒருத்தி குளியல் அறையில் வழுக்குகிறாள். கீழே விழும்போது கையை ஊன்றுகிறாள். மணிக்கட்டு முறிந்து விடுகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். எக்ஸ்ரே படம் எடுக்கிறார்கள். மாவுக் கட்டுப் போடுகிறார்கள். சில வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கிறார்கள். கை கூடி விட்டது. "நல்ல வேளை, கையோடு போயிற்று" என்கிறார்கள் வீட்டில்.

அதோடு விஷயம் முடிந்து விட்டதா? இல்லை. அப்போதுதான் ஆரம்பம்!

அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ, எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் இது நடக்கும். அந்தக் கட்டைப் பிரித்த நாளில் யாராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். யாரும் கேட்பது இல்லை. "நின்ற இடத்தில் விழுந்ததற்கா எலும்பு முறிந்தது?" என்பதுதான் அந்தக் கேள்வி.

மாடியில் இருந்து விழுந்தால் எலும்பு முறியும். லாரி மோதினால் முறியும். ஆனால் நின்ற உயரத்தில் இருந்து விழுந்தால், நல்ல எலும்பு முறியக் கூடாது. முறிந்தது என்றால் எலும்பில் பலம் இல்லை என்று பொருள். 50 வயதுக்கு மேல் ஒரு முறை இப்படி முறிந்தவர்களுக்கு, மறுபடியும் ஏதாவது ஓர் எலும்பு முறியும் ஆபத்து மற்றவர்களைப் போல இரு மடங்கு. முதலில் மணிக்கட்டு. பிறகு முதுகெலும்பு. 70 வயதுக்கு மேல் இடுப்பு.

இடுப்பு முறிவு சாதாரணம் அல்ல. உலக நாடுகளில் இடுப்பு எலும்பு முறிந்த முதியோரில் 5 பேருக்கு ஒருவர் ஓர் ஆண்டுக்குள் இறந்து விடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பது இல்லை.

மணிக்கட்டு முறிவுக்கும் இடுப்பு முறிவுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

தேய்மானம் வேறு, இது வேறு

இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் "ஆஸ்டியோபொரோசிஸ்". தமிழில் எலும்புப் புரை என்று சொல்லலாம்.

"எனக்கும் எலும்புத் தேய்மானம்தான், முழங்கால் வலிக்கிறது" என்று பலர் சொல்வார்கள். அது வேறு நோய். முழங்கால் மூட்டில் இருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்வதால் அந்த வலி வருகிறது. அது வலிக்கும், வீங்கும், உட்கார்ந்தால் எழுந்திருக்க விடாது.

எலும்புப் புரை வலிக்காது! அதுதான் அதன் ஆபத்து. செல் அரித்த கதவு வெளியே நன்றாகத்தான் இருக்கும். கையை வைத்து அழுத்தும்போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். இந்த நோயும் அப்படித்தான்.

ஒரே ஓர் அடையாளம் கண்ணுக்குத் தெரியும். பாட்டியின் உயரம் குறையும், கூன் விழும். "வயதானால் கூன் விழத்தானே செய்யும்" என்று விட்டு விடுகிறோம். பல பேருக்கு அந்தக் கூன், முதுகெலும்புக் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கியதால் வந்தது. அவையும் எலும்பு முறிவுதான். பெரும்பாலும் அவை முறிந்தது அவர்களுக்கே தெரியாது. இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்டி மீட்டர் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எலும்புக்குள் கொத்தனார் வேலை

எலும்பு கல் அல்ல. அதற்கு உயிர் உண்டு. உள்ளே இரவும் பகலும் வேலை நடக்கிறது. ஒரு கூட்டம் பழைய எலும்பை இடித்து எடுக்கிறது. இன்னொரு கூட்டம் புதிய எலும்பைக் கட்டுகிறது. சுமார் 10 ஆண்டில் உடம்பில் இருக்கும் எலும்பு எல்லாம் புதிதாகி விடுகிறது.

சிறு வயதில் கட்டுகிற வேலை அதிகம். 30 வயதுவரை எலும்பில் சேர்த்து வைக்கலாம். அதற்குப் பிறகு மெதுவாகச் செலவுதான். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் எலும்பைக் காத்து வந்த சுரப்பு குறைந்து விடுகிறது. இடிக்கும் வேலை வேகம் பிடிக்கிறது. அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பில் 5ல் ஒரு பங்குகூடப் போய் விடலாம்.

உடம்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி ஒரு பங்கு ரத்தத்திலும் சதையிலும் இருக்கிறது. இருதயம் துடிக்க அது வேண்டும். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து வராவிட்டால் ரத்தம் சும்மா இருக்காது. எலும்பில் இருந்து எடுத்துக் கொள்ளும். போட்டு வைக்காத பாங்கிக் கணக்கில் இருந்து தினமும் பணம் எடுத்தால் என்ன ஆகும்?

ஆண்களுக்கு வராதா? வரும். கொஞ்சம் தாமதமாக வரும். குடிப்பவர்களுக்கும், பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சீக்கிரம் வரும். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லை. மூட்டு வலிக்கு என்று முகவரி தெரியாத இடத்தில் வாங்கும் பொடியிலும் மாத்திரையிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. "சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து விட்டது" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுவது நல்லது.

வெயில் ஊரில் வெயில் பஞ்சம்

சாப்பிடும் சுண்ணாம்புச் சத்தை உடம்பு எடுத்துக் கொள்ள "டி" வைட்டமின் வேண்டும். அது சாப்பாட்டில் அதிகம் கிடையாது. வெயில் தோலில் படும்போது உடம்பே அதைத் தயார் செய்கிறது.

சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமா? வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. வெயிலில் நிற்பவர்களுக்குத்தான் பஞ்சம்!

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டு தோன்றியது. அங்கே ஆயத்த ஆடை தைக்கும் கம்பெனிகளில் ஏராளமான பெண்கள் வேலை செய்கிறார்கள். காலையில் ஷேர் ஆட்டோவிலோ கம்பெனி வேனிலோ போகிறார்கள். நாள் முழுவதும் கூரையின் கீழ், குழல் விளக்கு வெளிச்சத்தில் தைக்கிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்து விடுகிறது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கும் அதே கதிதான். வீட்டில் இருக்கும் பெண்களோ அடுக்கு மாடிக் கட்டிடத்தில் அடைந்து கிடக்கிறார்கள். முன்பு முற்றத்தில் நெல் காய வைத்தார்கள். இப்போது முற்றமும் இல்லை, நெல்லும் இல்லை.

திருப்பதி நமக்குத் தூரம் அல்ல. அங்கும் நம்மைப் போலவே வெயில். திருப்பதி வேங்கடேசுவரா மருத்துவ விஞ்ஞானக் கழக டாக்டர்கள் நகரத்தாரையும் கிராமத்தாரையும் சோதித்து, 2007ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு "டி" வைட்டமின் சற்றுக் கூடுதல். நகரத்தாருக்குக் குறைவு. ஆனால் இரு சாராருக்குமே போதுமான அளவு இல்லை!

இன்னொரு சோதனையும் அங்கே நடந்தது. எந்த நேரத்து வெயில் நல்லது என்று பார்த்தார்கள். "காலை இளவெயில்தான் நல்லது" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். சோதனை சொன்னது வேறு. பகல் 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் விழும் வெயிலில்தான் "டி" வைட்டமின் அதிகமாக உண்டாகிறது. சூரியன் தலைக்கு மேலே வர வேண்டும். இளவெயிலில் நடப்பது உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அதை நம்பி "டி" வைட்டமின் கணக்குப் போடக் கூடாது.

ஆகவே பகல் சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் வெளியே வரலாம். முகத்திலும் கையிலும் வெயில் பட வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயன் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் முதியோர் நிற்க வேண்டாம். மயக்கம் வந்து விழுந்தால் எலும்பைக் காக்கப் போய் எலும்பை முறித்துக் கொண்ட கதையாகும். மார்கழி, தை, மாசியில் மொட்டை மாடியில் வற்றல் காய வைக்கும் சாக்கில் நிற்கலாம்.

வெயிலே படாதவர்களுக்கு டாக்டர்கள் 60,000 யூனிட் "டி" வைட்டமின் கொடுக்கிறார்கள். வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்குத்தான். சிலர் பழைய சீட்டைக் காட்டி வாங்கி, வருடக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். இது அளவுக்கு மீறினால் விஷம். சிறுநீரகம் கெட்டு விடும்.

கூழ் இருக்க மாத்திரை எதற்கு?

வளர்ந்தவர் ஒருவருக்குத் தினம் 1,000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு 1,200 வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் சொல்லும் கணக்கு இது.

நமக்குக் கிடைப்பது என்ன? அதே நிலையத்தார் ஐதராபாத்தில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 289 பெண்களைச் சோதித்தார்கள். வயது 30 முதல் 60 வரை. 2005ஆம் ஆண்டு முடிவு வந்தது. அவர்களுடைய சாப்பாட்டில் தினம் 270 மில்லி கிராம் அளவுதான் சுண்ணாம்புச் சத்து இருந்தது. 100க்கு 29 பேருக்கு இடுப்புப் பக்கத்துத் தொடை எலும்பில் எலும்புப் புரை இருந்தது. கிழவிகள் அல்ல, குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள்!

காரணம் எளிது. மூன்று வேளையும் அரிசி. 100 கிராம் அரிசியில் இருப்பது 10 மில்லி கிராம் அளவுதான். அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

ஆடி மாதம் வந்தால் திருவேற்காடு கருமாரி அம்மனுக்குக் கூழ் வார்க்கிறோம். தெருத் தெருவாகக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆடி போனதும் பானையைக் கவிழ்த்து விடுகிறோம். மற்ற 11 மாதம் என்ன பாவம் செய்தது? கேழ்வரகு மாவை இரவே கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுவது பழைய பழக்கம். அதில் விஷயம் இருக்கிறது. தானியத்தில் உள்ள ஒரு பொருள் சுண்ணாம்புச் சத்தை இறுகப் பிடித்துக் கொள்ளும். புளிக்க வைத்தாலும் முளை கட்டினாலும் அந்தப் பிடி தளர்கிறது. அந்தக் கூழில் மோர் ஊற்றிக் குடித்தால் இரண்டு பங்கு லாபம்.

அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. கொழுப்பு எடுத்த பாலிலும் அது குறையாது. ஆகவே விலை மலிந்த பாலே போதும். ஆனால் காப்பிக்கு ஊற்றும் அரைக் கரண்டிப் பால் கணக்கில் சேராது. பல வீடுகளில் பால் குழந்தைக்கும், தயிர் வீட்டுக்காரருக்கும், மோர் மாமியாருக்கும் போகிறது. பாத்திரம் கழுவுவது மருமகளுக்கு! அவளுக்கும் ஒரு தம்ளர் எடுத்து வைக்க வேண்டும்.

பால் பிடிக்காதவர்கள் நெத்திலி மீனை முள்ளோடு சாப்பிடலாம். முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. கொள்ளு, எள்ளுருண்டை எல்லாம் நல்லவை. எல்லாக் கீரையும் ஒன்று அல்ல. "பாலக்" கீரையில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தில் பெரும் பகுதியை உடம்பு எடுத்துக் கொள்ள முடியாது.

உப்பையும் பார்க்க வேண்டும். உப்பு அதிகமானால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் போகும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தினம் வேண்டாம்.

"பால் குடித்தால் கல் அடைக்கும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். சாப்பாட்டில் வரும் சுண்ணாம்புச் சத்தால் கல் உண்டாவது இல்லை. மாத்திரை விஷயம் வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. ஒன்றை ஒன்று கெடுக்கும்.

சுமந்தால்தான் எலும்பு

ராக்கெட்டில் போய் விண்வெளியில் தங்குகிறவர்களுக்கு இடுப்பு எலும்பு மாதம் 100க்கு ஒரு பங்குக்கு மேல் கரைகிறது. அவர்களுக்குச் சாப்பாட்டில் குறை இல்லை. அங்கே எடை இல்லை, அவ்வளவுதான்! சுமை இல்லாவிட்டால் எலும்பு தன்னைத்தானே கரைத்துக் கொள்ளும்.

எனவே நடக்க வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதை இருக்கிறது. மாடிப்படி எல்லா வீட்டிலும் இருக்கிறது. நாற்காலியில் கையை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுந்தால் தொடைக்குப் பலம். சுவரைப் பிடித்துக் கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது நிதானத்துக்கு நல்லது. எலும்புப் புரை வந்து விட்டவர்கள் குனிந்து பாரம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தையும் கேஸ் சிலிண்டரையும் மகன் தூக்கட்டும்.

எந்தச் சோதனை?

அடுக்கு மாடிக் குடியிருப்புகளிலும் மருந்துக் கடை வாசலிலும் இலவச "எலும்பு முகாம்" நடக்கும். குதிகாலை ஒரு கருவியில் வைத்துச் சீட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அதை வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று தீர்மானிக்க முடியாது. சாதாரண எக்ஸ்ரே படத்திலும் எலும்பு நிறையக் குறைந்த பிறகுதான் தெரியும்.

"டெக்ஸா" என்ற படம்தான் சரியான சோதனை. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடம் படுத்திருந்தால் போதும். அதில் "டி ஸ்கோர்" என்று ஓர் எண் வரும். உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டு ஓர் எல்லை வகுத்தது. அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப் புரை. 65 வயதான பெண்கள் எல்லோரும் பார்த்துக் கொள்வது நல்லது. 50க்கு மேல் கை முறிந்தவர்கள் 65வரை காத்திருக்கக் கூடாது.

அம்பத்தூர், ஆவடியில் ரயில் ஏறினால் சென்ட்ரல். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குப் போகின்றன. அது சென்னை அரசுப் பொது மருத்துவமனை! முதியோருக்கு என்று தனிப் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் அங்கே 1978ஆம் ஆண்டு தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

மருந்து இருக்கிறது. "அலென்ட்ரோனேட்" மாத்திரை வாரத்துக்கு ஒன்று. அதைச் சாப்பிட ஒரு முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காப்பி கூடாது. அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை தொண்டைக் குழாயைப் புண்ணாக்கி விடும். மாத்திரை ஒத்துக் கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்து உண்டு. 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் உண்டு. அந்த ஊசியை ஆரம்பித்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு அடுத்தடுத்து முறியக் கூடும்.

விழுவதற்கு முன்னால்

முதியோர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் விழுகிறார்கள். குளியல் அறையில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிப்பது பெரிய செலவு அல்ல. படுக்கையில் இருந்து கழிப்பறை வரை இரவில் சிறு விளக்கு எரிய வேண்டும். வாசலில் கிடக்கும் கால் மிதி வழுக்குகிறதா, ரப்பர் செருப்பின் அடி தேய்ந்து விட்டதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் முக்காலியில் ஏறிப் பரண் துடைக்கும் வேலை 60 வயதுக்கு மேல் வேண்டாம். கண்ணில் புரை இருந்தால் நீக்கி விட வேண்டும். தூக்க மாத்திரையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சிலருக்கு எழுந்திருக்கும்போது தலையைச் சுற்றும். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இடுப்பு முறிந்து விட்டால்?

விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. இது இடுப்பு முறிவின் அடையாளம். தூக்கி உட்கார வைக்க வேண்டாம். 108க்குப் போன் செய்ய வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறு செய்கின்றன. "இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டால் கூடி விடும்" என்று யாராவது சொல்வார்கள். நம் பக்கத்தில் "புத்தூர் கட்டு" என்று பலகை தொங்கும் இடங்கள் உண்டு. ஆந்திரத்தில் உள்ள புத்தூரின் பெயர் அது. கையிலும் விரலிலும் ஏற்படும் சில முறிவுகள் அசையாமல் கட்டினாலே கூடி விடும். அங்கேயும் எக்ஸ்ரே படம் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். இடுப்பு அப்படி அல்ல. பெரிய தசைகள் முறிந்த எலும்பை இழுத்துக் கொண்டே இருக்கும். தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் தலைக்குப் போகும் ரத்தமும் நின்று விடும். எந்தக் கட்டும் அதைச் சேர்த்துப் பிடிக்காது.

கட்டோடு மாதக் கணக்கில் படுத்தால் முதுகில் படுக்கைப் புண் வரும். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். காலில் ரத்தம் உறையும். முதியவர்கள் இறப்பது இவற்றால்தான். ஆபரேஷனைவிடப் படுக்கைதான் ஆபத்து! முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடந்தால் நல்லது. 80 வயதானவர்களுக்கும் செய்கிறார்கள். ஆபரேஷனுக்கு மறுநாளே பிடித்து நிற்க வைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடைப் பயிற்சி தேவை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம். 2021ஆம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். "முறிந்ததைச் சரி செய்து விட்டீர்கள். எலும்புப் புரைக்கு என்ன மருந்து?" என்று கேட்க வேண்டும். முறிந்தது ஓர் இடுப்பு. இன்னோர் இடுப்பு இருக்கிறது.